‘ஓரியோ பிஸ்கட்டுல்ல?’ – மென்பொருள் பதிப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் போனில் வங்கிச் செயலி திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் மகன், “உன் போன்ல என்ன ஆண்ட்ராய்டும்மா?” என்று கேட்கிறான். “கடைக்காரத் தம்பி ஓரியோன்னு சொன்னாப்ல. அது பிஸ்கட்டுல்லய்யா?”

பிஸ்கட்தான். ஆண்ட்ராய்டின் 8-வது பதிப்பும்கூட. 2009-இல் கப்கேக்கில் தொடங்கி 2018-இல் பை வரை, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆங்கில அகரவரிசையில் ஒரு தின்பண்டத்தின் பெயரை வைத்தது கூகுள். ‘என்’ எழுத்தின் முறை வந்தபோது கேரளத்தில் ‘நெய்யப்பம்’ என்று வைக்கச் சொல்லி ஆதரவு திரட்டினார்கள். இந்திய இனிப்பின் பெயர் வைப்பீர்களா என்று டெல்லி மாணவர்கள் கேட்டதற்கு, அம்மாவிடம் யோசனை கேட்கிறேன் என்றார் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. கடைசியில் 2016-இல் வந்தது ‘நௌகட்’. அது என்ன பண்டம் என்று நம்மூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தச் சிக்கலை கூகுளே ஒப்புக்கொண்டது. சில மொழிகளில் ‘எல்’, ‘ஆர்’ ஒலிகள் பிரித்துக் கேட்காது, ‘பை’ எல்லா ஊரிலும் இனிப்பு இல்லை என்று காரணம் சொல்லி, 2019-இல் வெறும் ‘ஆண்ட்ராய்டு 10’ என்று அறிவித்தது. அலுவலகத்துக்குள் மட்டும் தின்பண்டப் பழக்கம் தொடர்கிறது. 16-வது பதிப்புக்கு அங்கே ‘பக்லவா’ என்று பெயர்.

அகரவரிசையும் இல்லாவிட்டால் இன்னும் சிரமம். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை, அரசு தந்த பள்ளி மடிக்கணினியில் பலர் பார்த்திருப்பார்கள். அதன் பதிப்புகளில் ‘அனோகா’, ‘அனூப்’ என்று இரண்டு உண்டு. எது முந்தியது? 5, 6 என்ற எண்கள் இல்லாவிட்டால் யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிலும் ஒரு பொடி இருக்கிறது. 2.9-க்கு அடுத்து 2.10 வரும், அது தசமம் அல்ல. பொதுவாக முதல் எண் மாறினால் பெரிய மாற்றம், கடைசி எண் மாறினால் பழுதுநீக்கம். உபுண்டு இன்னும் நேரடி: 24.04 என்றால் 2024 ஏப்ரல்.

சிவகாசி வட்டாரத்துக்கு இதெல்லாம் புதுசில்லை. லட்சுமி வெடி என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசு வந்தபின் பட்டாசுகளின் மருந்துக் கலவைகள் மாற வேண்டியிருந்தது. கடையில் கேட்கும் பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எனவே பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரை, கியூஆர் குறியீடு, தயாரிப்பு மாதம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. நீரி ஆய்வகம் தன் கலவைகளுக்கு ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று அழகாகத்தான் பெயர் வைத்தது. கடையில் யார் அதைச் சொல்லிக் கேட்கிறார்கள்?

போனிலும் தயாரிப்பு மாதம் போல ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’, அதற்குள் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ பகுதிக்குப் போனால் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். கடைசியாக எந்த மாதம் வரையிலான பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறியிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. ஒரே ஆண்ட்ராய்டு 13 உள்ள இரண்டு போன்களில் இந்தத் தேதி வேறு வேறாக இருக்கலாம். ‘உங்கள் போன் அப்டேட்டாக உள்ளது’ என்ற அறிவிப்பை நம்பிவிடக் கூடாது. நிறுவனம் திருத்தம் அனுப்புவதையே நிறுத்திவிட்டாலும் அதே வாசகம்தான் வரும். ஓரியோவுக்கு கூகுள் திருத்தம் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

“தேதி 2020-ன்னு போட்டிருக்குய்யா.”

“அப்போ அதுல பணம் எதுவும் அனுப்பாதம்மா. தீபாவளிக்கு வரும்போது வேற போன் வாங்கிட்டு வர்றேன்.”