தொண்டும் பதிவும்

பிறர் துயர் துடைத்தல் பண்டுதொட்டே தமிழரிடையே அறமெனப் போற்றப்பட்டு வந்துள்ளது. தண்ணீர்ப் பந்தல் வைத்தற்கும் பசித்தோர்க்கு அன்னமிடுதற்கும் எவரும் எவரிடத்தும் அனுமதி பெறவேண்டியதில்லை. ஆயின், தாய் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றமையால் தனித்து வாடும் பிள்ளைக்கும், குடியினாற் சிதைந்த குடும்பத்துக்கும், அடியுண்டும் வாய்திறவாதிருக்கும் பெண்ணுக்கும் உதவுதற்கு இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். அன்றியும், இத்தகையோர் தம் வீட்டு மறைகளையெல்லாம் உதவ வந்தவரிடம் ஒப்படைக்கின்றனர். ஆதலின் அவரிடம் கணக்குக் கேட்டற்கும் ஒரு வழி இருத்தல் வேண்டும். சமூக சேவைப் பணியாளரைச் சட்டத்தினாற் பதிவு செய்யும் முறை இத்தேவையினின்றே பிறந்தது.

அவிசாவளைக்கு அண்மையிலுள்ள தெஹியோவிட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினூடே சிதறிக் கிடக்கின்றன. மலையகத்தின் நடுப்பகுதியிற்போலன்றி இங்குத் தோட்டத் தமிழர் சிறுசிறு தொகுதியினராகவே வாழ்கின்றனர். ஆகவே தமிழில் அவர்தம் குறை கேட்பார் அரியர். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவுகள் நேர்ந்தன. இத்தகைய இடர் நேருங்காலத்து உதவுவோர் பலர் திரண்டு வருதல் இயல்பு. அரிசியும் ஆடையும் தருவோரின் தகுதியை ஆராயவேண்டியதில்லை. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவோரின் தகுதியையோ ஆராய்ந்தே ஆகவேண்டும்.

இலங்கைச் சட்டம் இதற்கு யாது செய்துள்ளது? 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் தொண்டர் சமூக சேவை நிறுவனங்களைப் பதிவு செய்யவும் மேற்பார்வை செய்யவும் எழுந்தது. வறியோர், நோயாளர், அநாதைகள், வலுவிழந்தோர் ஆகியோர்க்கு உதவும் நிறுவனங்களும், இடர்க்காலத்தில் நிவாரணம் அளிக்கும் நிறுவனங்களும் அதன்பாற்படும். எனினும் அச்சட்டம் பதிவது நிறுவனத்தையேயன்றி அதன்கண் பணிபுரியும் ஆளையன்று. நிறுவனத்தின் கணக்கு நேரிதாயிருக்கலாம். அதன் பெயரால் லயத்துக்கு வருபவர் யாதும் பயிலாதவராயும் இருக்கலாம். அதே லயத்துக்கு வரும் மருத்துவமாதோ 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தம் பெயரைப் பதிந்தவராவர். உடலைக் காப்பவர்க்கு உள்ள இவ்வொழுங்கு, உள்ளத்தையும் குடும்பத்தையும் காப்பவர்க்கும் வேண்டும் என்பது சமூகப் பணி கற்றோர் நெடுங்காலமாக விடுத்துவரும் கோரிக்கையாகும். பயிற்சிக்கு வழி இல்லாமலில்லை. 1952 இல் தொடங்கிய சமூக சேவைப் பயிற்சி முயற்சியே பின்னர் வளர்ந்து, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று.

ஆளைப் பதியும் முறை எவ்வாறு இயங்கும் என்பதை ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் காணலாம். அங்கு 1998 இல் இயற்றப்பட்ட சட்டம் 2000 ஆகஸ்ட் 15 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சமூகப் பணியாளர், சமூக சேவைப் பணியாளர் என்னும் இரு பெயர்களையும் பதிவு பெற்றோரன்றிப் பிறர் பூணுதல் குற்றமாகும். அச்சட்டம் தொண்டு செய்வதைத் தடுப்பதன்று. தகுதியின்றிப் பெயர் பூணுதலையே தடுக்கின்றது. பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். பதிவு பெற்றவர்மீது முறைப்பாடு எழுந்தால் அதனை விசாரிக்கக் குழுக்கள் உண்டு. நடத்தைக் கேட்டினால் ஒருவரை வேலையினின்று நீக்கிய முதலாளி முப்பது நாட்களுள் அதனைப் பதிவாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். ஓரிடத்திற் பிழைசெய்தவர் வேறிடம் சென்று மறைந்துகொள்ளாதிருத்தற்கே இவ்விதி. ஆளும் அவையின் இருபத்தொரு உறுப்பினருள் எழுவர் சமூகப் பணியாளர். எழுவர் சமூக சேவைப் பணியாளர். எஞ்சிய எழுவர் பொதுமக்கள் சார்பில் நியமிக்கப்படுவோர்.

இவ்விரு பெயர்களுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. சமூகப் பணியாளர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். சமூக சேவைப் பணியாளர் ஈராண்டுக் கல்லூரி டிப்ளோமாப் பெற்றவர். அதற்கு ஒப்பான கல்வியும் அனுபவமும் சேரப் பெற்றோரும் இவ்விரண்டாம் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் குறைகளை ஆராய்ந்து உதவுவர். குறையின் காரணத்தை நோய்நிர்ணயம் போல வகுத்துக் கூறும் பொறுப்பு மட்டும் முன்னவர்க்கே உரியது. உயர்ந்த படிப்பை மதிக்கும் அதேவேளை, அனுபவத்தையும் புறந்தள்ளாத ஏற்பாடு இது.

தெஹியோவிட்டவுக்கு வேண்டிய பாடமும் இதுவே. பதிவு என்னுஞ் சொல் தோட்ட மக்களுக்கு இனிய நினைவைத் தருவதன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு கோரி விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் சான்றுகள் போதா என விலக்கப்பட்டனர். அவ்வழி நேர்ந்த நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. காப்பதற்கென எழுந்த பதிவேடு கதவடைக்கும் கருவியாகவும் மாறலாம் என்பதை அவர்கள் நன்கறிவர். சமூக சேவையாளர்க்குப் பட்டம் ஒன்றையே தகுதியாக விதித்தால், பிள்ளைமடுவம் எனப் பண்டு வழங்கிய சிறுவர் அபிவிருத்தி நிலையத்திற் பல்லாண்டு உழைத்து, ஒவ்வொரு லயத்தின் துயரையும் பெயர் சொல்லி அறிந்த தோட்டத்துப் பெண்மணி வெளியே நிறுத்தப்படுவார். தமிழறியாத பட்டதாரியே அவ்விடத்தில் அமர்வார்.

ஆகவே, பதிவுவிதி வகுப்போர் மூன்றினைக் கருதுதல் வேண்டும். பட்டம் பெற்றோர்க்கும் டிப்ளோமாவும் அனுபவமும் உடையோர்க்கும் தனித்தனி வாயில்கள் அமைதல் வேண்டும். பயிற்சியும் தேர்வும் தமிழிலும் நடைபெறல் வேண்டும். முறைப்பாடு செய்யும் வழி, கொழும்பை ஒருபோதும் காணாத தொழிலாளிக்கும் எட்டுவதாதல் வேண்டும். பதிவேடு பணியாளர்க்கு அணிவிக்கும் பொன்னாடையன்று. உதவி நாடுவோர் கையிற் கொடுக்கும் காப்பு. அக்காப்பு லயத்தின் கடைசி அறை வரை சென்றாலன்றி விதி வகுத்ததன் பயன் நிறைவுறாது.