ஒன்பது நாரத்தை, ஏழு விளாம்பழம்

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் டீக்கடைகளில் இடம் கிடைக்காது. அன்று குறைதீர்க்கும் நாள். செங்கம், கலசப்பாக்கம், வந்தவாசி என்று மாவட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் பட்டா, பென்ஷன், பாதைத் தகராறு என மனுவைக் கையில் பிடித்தபடி வந்திருப்பார்கள். வந்தவர்கள் கோஷ்டியாகச் சாப்பிடுவார்கள். காசை ஒருவர் மொத்தமாகக் கொடுப்பார்.

ஒரு கோஷ்டி நாலு டீ, மூணு வடைக்கு 78 ரூபாய் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கோஷ்டி மூணு டீ, நாலு வடை, 76 ரூபாய். விலைப்பலகை கண்ணில் படவில்லை. டீ என்ன விலை, வடை என்ன விலை?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் டீ எக்ஸ், வடை ஒய் என்று ஆரம்பித்துவிடும். அது வேண்டாம். இரண்டு கோஷ்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்: ஏழு டீ, ஏழு வடை, 154 ரூபாய். அப்படியானால் ஒரு டீயும் ஒரு வடையும் சேர்ந்து 22. முதல் கோஷ்டி ஒரு டீ கூடுதலாகக் குடித்து, ஒரு வடை குறைவாகத் தின்று, இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறது. ஆக, வடையைவிட டீ இரண்டு ரூபாய் கூட. டீ 12, வடை 10.

இந்தக் கணக்குக்கு வயது ஆயிரத்து நூறுக்கு மேல். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணர் மகாவீராசாரியர். அவர் சமஸ்கிருதச் செய்யுளில் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில், நம் கடையில் டீயும் வடையும் இருக்கிற இடத்தில் நாரத்தையும் விளாம்பழமும் இருக்கின்றன. ஒன்பது நாரத்தையும் ஏழு விளாம்பழமும் சேர்ந்து விலை 107. ஏழு நாரத்தையும் ஒன்பது விளாம்பழமும் 101. ஒவ்வொன்றும் என்ன விலை, சீக்கிரம் சொல் என்கிறார்.

அவர் சொல்லும் வழி இது: 107-ஐ ஒன்பதால் பெருக்கு, 963. 101-ஐ ஏழால் பெருக்கு, 707. கழித்தால் 256. ஒன்பதின் வர்க்கத்திலிருந்து ஏழின் வர்க்கத்தைக் கழி, 32. 256-ஐ 32-ஆல் வகுத்தால் நாரத்தை 8. பெருக்கும் எண்களை மாற்றிப் போட்டால் விளாம்பழம் 5. எக்ஸ் இல்லை, ஒய் இல்லை. ஆனால் நடப்பது, இன்று நம் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் நீக்கல் முறை என்று இருக்கிறதே, அச்சு அசலாக அதேதான். இரண்டு வரியையும் விளாம்பழம் 63 என்று சமமாக வருகிற மாதிரி பெருக்கிக் கழித்தால் விளாம்பழம் காணாமல் போகிறது. நாரத்தை மட்டும் மிச்சம்.

நூல் கன்னட தேசத்தது என்றாலும் நமக்கு ரொம்ப தூரமில்லை. அமோகவர்ஷன் வழிவந்த மூன்றாம் கிருஷ்ணன் 949-இல் தக்கோலத்தில் சோழரை வென்று தொண்டை நாட்டைப் பிடித்தான். போளூர்ப் பக்கம் திருமலையில் சமணக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார். 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. சீனர்கள் இதற்கும் பல நூற்றாண்டு முன்பே மூன்று தரத் தானியக் கதிர்க்கட்டுகளை வைத்து மூன்று வரிக் கணக்குப் போட்டுவிட்டார்கள். அது நம் பத்தாம் வகுப்புப் பாடம்.

தீர்ப்பது இப்படி எளிது. எனக்கு வகுப்பறைமேல் உள்ள குறை, அதற்கு முந்தைய படியைப் பற்றியது. வாக்கியத்தைச் சமன்பாடாக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். மதிப்பெண்ணோ பெருக்கிக் கழிப்பதற்குப் போகிறது. 'ஐந்து வருடத்துக்கு முன் அப்பாவின் வயது மகன் வயதைப் போல ஏழு மடங்கு' என்றால் அப்பாவுக்கு மட்டும் ஐந்தைக் கழித்துவிட்டு, மகனை வளர்ந்த வயதிலேயே விட்டுவிடுவார்கள். ஆசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொல்லி, 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் குழுவினர் பொறியியல் மாணவர்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பு. பெரும்பாலோர் ஆறை மாணவர் பக்கம் பெருக்கியிருந்தார்கள், தலைகீழாக.

இன்னொன்றையும் வகுப்பில் பேசுவதில்லை. டீக்கடைக்கு மூன்றாவது கோஷ்டி வந்து எட்டு டீ, ஆறு வடைக்கு 156 கொடுத்தால் நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. முதல் கோஷ்டியின் கணக்கேதான், இரண்டு மடங்கு. அந்த இரண்டு பில்லை மட்டும் வைத்துக்கொண்டு விலை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதே எட்டு டீ, ஆறு வடைக்கு 160 என்றால் கணக்கே பொய். யாரோ ஒரு டீயை ஸ்பெஷல் டீ ஆக்கியிருக்கிறார்கள், அல்லது கல்லாவில் இருப்பவர் கூட்டலில் சறுக்கிவிட்டார். எந்த விலையைப் போட்டாலும் அது பொருந்தாது. பாடநூல் கணக்குகளில் பெரும்பாலும் விடை ஒன்றே ஒன்று, அதுவும் முழு எண்ணாக வந்து நிற்கும். கடைத்தெருவில் அந்தச் சௌகரியம் இல்லை.

மகாவீராசாரியர் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய இன்னொரு கணக்கு: 3 பணத்துக்கு 5 புறா, 5 பணத்துக்கு 7 சாரசக் கொக்கு, 7 பணத்துக்கு 9 அன்னம், 9 பணத்துக்கு 3 மயில். இளவரசன் விளையாட, நூறு பணத்துக்கு நூறு பறவை வாங்கி வா என்று ஓர் ஆளை அனுப்புகிறார்கள். தெரியாதவை நாலு, தெரிந்த வரி இரண்டுதான்: பறவை நூறு, பணம் நூறு. ஒரு விடை: புறா 15, கொக்கு 28, அன்னம் 45, மயில் 12. பணம் 9, 20, 35, 36; கூட்டினால் நூறு. இன்னொரு விடை: புறா 5, கொக்கு 56, அன்னம் 27, மயில் 12. இதுவும் நூறு பணம்தான்.

நாலு வகையும் வேண்டும், வியாபாரி கட்டைப் பிரிக்கமாட்டார் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஆறு விடை வருகிறது. நாலு விடையில் மயில் 12, இரண்டில் 15. மயில்தான் பிடிக்கும் என்று இளவரசன் சொல்லியிருந்தாலும், வாங்கப் போனவர் முன்னால் அப்போதும் இரண்டு வழி இருந்திருக்கும்: 55 புறா, 21 கொக்கு, 9 அன்னம்; இல்லையென்றால் 60 புறா, 7 கொக்கு, 18 அன்னம்.