நாலு நிமிடம் முந்தி வரும் விளக்கு

நெமிலிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ராத்திரியில் அடிவானத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. அரக்கோணம் கடற்படை விமானமா, வேறு ஏதாவதா?" அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படைத் தளத்தில் இறங்கும் விமானம் நேரே நம்மை நோக்கி வரும்போது நிற்பதுபோலத்தான் தெரியும். ஆனால் சில நிமிடங்களில் திரும்பிவிடும். மணிக்கணக்கில் தெரிந்து, மெல்ல மட்டுமே நகர்ந்தால் அநேகமாகக் கிரகம்தான். இதே கேள்வி நம் ராணுவத்தையே மாதக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறது.

2012 ஆகஸ்ட் தொடங்கி 2013 பிப்ரவரிக்குள், லடாக்கில் சீன எல்லையோர ஏரி ஒன்றின் மேலே 329 முறை இனம்தெரியாத ஒளிகளைக் கண்டதாக வீரர்கள் பதிந்தார்கள். அடிவானத்தில் எழும், சில மணி நேரம் மெல்ல நகரும், மறையும். சீனாவின் உளவு ட்ரோனோ என்று சந்தேகம். அங்கே பாங்காங் ஏரிப் பக்கம் ரேடாரை ஏற்றி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அதையே பறக்கும் தட்டுக்குச் சாட்சியாகச் சிலர் பரப்பியதுதான் எரிச்சல். சிக்காததற்குக் காரணம் எளிது. ஒளி கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் தொலைநோக்கியை நடத்துகிறார்களே அவர்கள்தான், ஆராய்ந்து சொன்னார்கள்: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 4,000 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் கிரகங்கள் அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும். எல்லையில் நிற்பவர் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை.

வானத்து விளக்கையும் மனிதன் பறக்கவிட்ட விளக்கையும் பிரிக்க ஓர் அழகான வழி உண்டு. ட்ரோன் நம் கடிகாரப்படி வரும். நட்சத்திரமோ தினமும் சுமார் 4 நிமிடம் முந்தி உதிக்கும். குத்துவிளக்கைச் சுற்றிக் கும்மியடிக்கும் பெண், தானும் சுழன்றுகொண்டே போகிறாள் என்று வையுங்கள். விளக்கு சூரியன், தூரத்துச் சுவர் நட்சத்திரங்கள். ஒரு சுழற்சி முடிந்து அதே சுவரைப் பார்த்துவிட்டாள். ஆனால் இதற்குள் ஓரடி நகர்ந்துவிட்டதால் விளக்கை நேரே பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் 4 நிமிடம். ஒரு முழுச் சுற்றில் அவள் விளக்கை 365 முறை பார்த்தால், சுவரை 366 முறை பார்த்திருப்பாள்! வெளிவட்டத்தில் இன்னொருத்தி ஆடுகிறாள். உள்ளே இவள் ஏறக்குறைய 12 சுற்று வரும்போது அவள் ஒன்றுதான். அவள் வியாழன். அவ்வளவு மெதுவாக நகர்வதால் கிட்டத்தட்ட சுவர்போலவே நடந்துகொள்வாள். ஆக, வியாழன் மாதத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முந்தி வரும். பார்த்த நேரத்தையும் திசையையும் ஒரு மாதம் குறித்து வைத்தாலே போதும். எந்த ஒற்றன் இப்படிக் கணக்குத் தவறாமல் முந்தி வருவான்?

பறக்கும் தட்டு விஷயத்துக்கு வந்தால், அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டத்தில் 1947 முதல் 1969 வரையிலான 12,618 இனம்தெரியாத காட்சிகள் சேர்ந்தன. 701-க்கு விடை இல்லை. விடை இல்லை என்றால் வேற்றுலக விருந்தாளி வந்தார் என்று பொருளில்லை.

லடாக்கில் தெரிந்த மற்றொன்றான வெள்ளிக்கோ, மேலே சொன்ன 4 நிமிடக் கணக்கு பொருந்தாது. அவள் உள்வட்டத்துக்காரி. நம் பார்வையில் விளக்கான சூரியனைவிட்டு ஏறக்குறைய 47 பாகைக்கு மேல் விலகமாட்டாள். அதனால் மாலையில் மேற்கே, இல்லையென்றால் விடியலில் கிழக்கே. நெமிலியில் நள்ளிரவுக்கு உச்சிவானில் ஏதாவது ஜொலித்தால், அது வெள்ளி இல்லை.