பழஞ்செப்புக் காசின் தரம்

அரநாயக்கத் தோட்டமொன்றிற் கான் வெட்டுகையில் பழஞ்செப்புக் காசொன்று அகப்பட்டால், நம்மவர் முதலிற் செய்வது புளியிட்டுத் துலக்குவதே. காசு பளபளக்கும், மதிப்போ அழிந்துவிடும்.

பல நூற்றாண்டுகளாகப் படிந்த கரும்பச்சைப் படலமே செம்பிற்குக் காப்பு. புளியின் அமிலம் அதனையும், அதிற் பதிந்துள்ள எழுத்தையுஞ் சேர்த்தே கரைக்கும். வெளிர்பச்சைத் தூள் உதிருமாயின் அது செம்பை அரிக்கும் நோய்; ஈரம் படாது வைத்தல் வேண்டும்.

தரத்தை எவ்வாறு அறிவது? மேடான பகுதிகளே முதலில் தேயும். யாழ்ப்பாண அரசரின் சேதுக் காசில், படுத்திருக்கும் நந்தியின் திமிலையும் அதன்கீழுள்ள ‘சேது’ என்னுந் தமிழெழுத்தையும் நோக்குக. இரண்டுந் தெளிவெனில் உயர்தரம். எழுத்து மட்டுந் தெரியின் நடுத்தரம். இரண்டும் மழுங்கின் கடைத்தரம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, மண்ணிற் புதைந்து கிடந்த தொல்காசு அரசுடைமை. ஆகவே துலக்காமலே ஒப்படைப்போம்.