தலைக்குள் ஓடும் பல்லவி

காலையில் பல் தேய்க்கும்போது பக்கத்து வீட்டு டிவியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு. காதில் விழுந்தது இரண்டே வரிதான். குளிக்கும்போதும் அதே இரண்டு வரி. பள்ளிக்கூட வேனிலும் அதே. வகுத்தல் கணக்கில் மீதியைக் கண்டுபிடிக்கப் போனால், அங்கேயும் அதே! உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும்தானே?

ஜெர்மன் மொழியில் இதற்குக் 'காதுப்புழு' என்று பெயர். பயப்படாதீர்கள், காதுக்குள் எந்தப் புழுவும் இல்லை. பாடுவது உங்கள் மூளைதான்.

2005-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். சிலரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பாட்டுப் போட்டார்கள். நடுநடுவே சில விநாடிகளை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள். நன்றாகத் தெரிந்த பாட்டு என்றால், சத்தம் நின்ற பிறகும் மூளையில் ஒலியைக் கவனிக்கும் பகுதி சுறுசுறுப்பாகவே இருந்தது. விட்டுப்போன இடத்தை மூளையே பாடி நிரப்பிக்கொண்டது! தெரியாத பாட்டில் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை.

சரி, எல்லாப் பாட்டும் ஏன் ஒட்டுவதில்லை? இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் கெல்லி ஜகுபோவ்ஸ்கியும் அவர் குழுவினரும் 3,000 பேரிடம் கேட்டு, 2016-இல் விடை சொன்னார்கள். ஒட்டிக்கொள்ளும் பாட்டு கொஞ்சம் வேகமாக இருக்கும். 'ட்விங்கிள் ட்விங்கிள்' போல ஏறி இறங்கும் எளிய மெட்டாக இருக்கும். நடுவில் எங்காவது எதிர்பாராத ஒரு தாவலும் இருக்கும். நம் சினிமாப் பாட்டிலோ ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்ப வரும். சரணத்தில் வார்த்தை மறந்து போகும். பல்லவி மட்டும் மறக்காது. அப்புறம் அது சுற்றாமல் என்ன செய்யும்?

மனசுக்குள் பாடும்போது வாய் அசையாவிட்டாலும், பேச்சுக்கு உதவும் மூளைப் பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால்தான் 2015-இல் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் சூயிங் கம்மை மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். மென்றவர்கள் மனசில் பாட்டு தலைகாட்டியது குறைந்துவிட்டது. வாய்க்கு வேறு வேலை கொடுத்தாயிற்றே!

வறுத்த கடலைக்கும் அந்தச் சக்தி உண்டா? நீங்களே சோதித்துப் பாருங்கள். பாட்டு ஒட்டிக்கொண்ட நாளில், முதல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கடலை மெல்லுங்கள். பாட்டு வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். எந்த ஐந்து நிமிடத்தில் கோடு அதிகம் என்று எங்களுக்கு எழுதுங்கள்.