எழுதியவன் பங்கும் பார்ப்பவன் கடமையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் பயணம் செய்கிறவர்கள் ஒரு காட்சியைத் தினமும் காணலாம். முந்திய இரவு சமையற்கட்டில் வேலை முடியாமல் தவறவிட்ட தொடரின் பகுதியைக் கைப்பேசியில் பார்த்தபடியே பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் கடந்து போகும் பெண்கள் அநேகர். பழைய திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் விட்டுச் சிரிக்கும் இளைஞர்கள் வேறு சிலர். திருநீர்மலையிலும் பம்மலிலும் குரோம்பேட்டையிலும் வீடு தவறாமல் இணையம் நுழைந்துவிட்ட இந்நாளில், கதை கேட்கும் ஆசை மனிதனை விட்டு ஒரு கணமும் நீங்குவதில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைகளை எழுதியவர்கள், தங்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்கவில்லை என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு வந்து நிற்கும் நாளில், அவர்கள் முன்பே எழுதிக் கொடுத்த கதைகளை நாம் இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பது தர்மமாகுமா என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அமெரிக்காவில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எழுந்த இந்தக் கேள்விக்கு அடையாற்றுக்குத் தெற்கே இருக்கும் நாம் ஏன் விடை தேட வேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். திருநீர்மலைக்கு அடுத்த ஊரான பம்மலின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தமிழ் நாடெங்கும் பிரசித்தமாக்கிய சம்பந்த முதலியாரின் சரித்திரமே இதற்குப் போதிய விடை. 1873-ல் பிறந்து, 1891-ல் சுகுண விலாச சபையை நிறுவி, வக்கீலாகவும் நீதிபதியாகவும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றிய அப்பெரியார், 'மனோகரா'வை எழுதிய காலத்தில் பேசும் படம் என்ற ஒன்று உலகத்தில் எங்குமே இல்லை. ஆயினும் அந்நாடகம் 1936-ல் திரைப்படமாயிற்று. 1954-ல் கருணாநிதியின் வசனத்தோடும் சிவாஜி கணேசனின் நடிப்போடும் மறுபடியும் திரைக்கு வந்தது. அவருடைய 'சபாபதி' 1941-ல் ஏ.வி. மெய்யப்பனின் தயாரிப்பில் படமாகி, இன்றும் கைப்பேசிகளில் சிரிப்பை விளைவித்துக்கொண்டிருக்கிறது. ஆக, எழுத்து என்பது எழுதியவனுடைய ஆயுளைக் கடந்தும், அவன் கனவிலும் கண்டிராத சாதனங்களின் வழியாகவும், புதிது புதிதாக வருமானம் ஈட்டிக்கொண்டே இருக்கும் வஸ்து. அந்த வருமானத்தில் எழுதியவனுக்குப் பங்கு உண்டா என்பதே உலகமெங்கும் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தங்களுக்கு மூலகாரணமாக இருந்து வந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சேலையை நெய்து கொடுத்த நெசவாளி அதற்குரிய கூலியைப் பெற்றுக்கொண்ட பிறகு, அச்சேலையை உடுத்தும்போதெல்லாம் தனக்குக் காசு தர வேண்டும் என்று கேட்பதில்லையே; எழுத்தாளன் மட்டும் ஏன் கேட்கிறான் என்று சிலர் வினவுகிறார்கள். வாங்கிய சேலையை நாம் எத்தனை முறை உடுத்தினாலும் விற்ற கடைக்காரருக்கு அதனால் மேலும் ஒரு பைசாவும் வருவதில்லை. ஆனால் ஒரு படமோ தொடரோ ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும், விளம்பரமாகவோ சந்தாவாகவோ, அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வருமானம் வந்துகொண்டே இருக்கிறது. வருமானம் தொடரும் வரையில் அதற்குக் காரணமான உழைப்பின் பங்கும் தொடர வேண்டும் என்பதுதான் எழுத்தாளர்களின் வாதம். அமெரிக்க எழுத்தாளர்களின் சங்கமான ரைட்டர்ஸ் கில்டு 1960-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, மறு ஒளிபரப்பில் தங்களுக்குள்ள பங்கை உறுதிப்படுத்திக்கொண்டதும் இந்த வாதத்தின் பலத்தால்தான்.

இணையம் வந்தபோது அந்தப் பழைய ஏற்பாடு ஆட்டங்கண்டது. டிவிடி ஒன்று விற்றால் எழுத்தாளருக்கு ஏறத்தாழ 4 சென்ட்தான் என்ற நிலைமையிலேயே மனம் கசந்திருந்தவர்கள், தங்கள் தொடர்களை நிறுவனங்கள் இணையத்தில் விளம்பரங்களோடு வெளியிட்டுப் பொருள் ஈட்டிக்கொண்டு, 'இது வெறும் பிரசாரத்துக்காகச் செய்வது. இதற்குப் பங்கு இல்லை' என்று சொல்லக் கேட்டபோது பொறுமை இழந்தார்கள். 2007 நவம்பர் 5-ஆம் தேதி தொடங்கி 2008 பிப்ரவரி 12-ஆம் தேதி வரை, சுமார் 12,000 எழுத்தாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்நாட்களில் ஒரு ரசிகன் தன் அபிமானத் தொடரை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தால், விளம்பரக் காசு முழுவதும் நிறுவனத்தின் பெட்டிக்குள் போயிற்று. எழுதியவருக்கு ஒன்றும் போகவில்லை. எந்த அநியாயத்தை எதிர்த்து எழுத்தாளர்கள் தெருவில் நின்றார்களோ, அந்த அநியாயத்தையே லாபகரமாக்கும் காரியமாக இணையத்தில் பார்ப்பது அன்று இருந்தது. ஆகவே அப்போது பார்க்காமல் இருந்த ரசிகர்களின் மனச்சாட்சி சரியான திசையையே காட்டியது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் போராட்டத்தின் முடிவில் கிடைத்த உடன்படிக்கையும் முழு நியாயம் செய்யவில்லை. தொடரின் ஒரு பகுதி முதலில் ஒளிபரப்பான பின் 17 நாள் வரையிலும், புதிய தொடராயின் 24 நாள் வரையிலும், இணையத்தில் காட்டுவதற்கு எழுத்தாளருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அதன் பிறகு காட்டுவதற்கு, உடன்படிக்கையின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு நிர்ணயத் தொகை. உடன்படிக்கையின் மூன்றாம் ஆண்டில்தான் வருமானத்தில் 2 சதவீதம் என்று ஏற்பாடாயிற்று. ஜனங்கள் ஒரு தொடரை ஆவலோடு பார்ப்பது பெரும்பாலும் அது வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில்தான் என்பதை எண்ணினால், அந்த 17 நாளின் மதிப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 மே 2-ஆம் தேதி, ஏறத்தாழ 11,500 எழுத்தாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். 148 நாள் நீடித்த அப்போராட்டத்தின் நடுவில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இதற்குள் உலகமே மாறிவிட்டிருந்தது: இணையம் ஒரு துணை வழியாக இருந்தது போய், கதைகள் ஜனங்களிடம் வந்து சேரும் பிரதான வழியாகிவிட்டது. வேலைநிறுத்தம் நடந்த அந்தக் கோடைக்காலத்திலேயே, 2019-ல் முடிந்துபோன 'சூட்ஸ்' என்ற பழைய தொடர் நெட்ஃபிளிக்ஸில் புத்துயிர் பெற்று, ஒரே வாரத்தில் 300 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்க்கப்பட்டது. அத்தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவர், தாம் எழுதிய ஒரு பகுதிக்கு மூன்று மாதக் கணக்கில் தமக்கு வந்த பங்கு 260 டாலருக்கும் குறைவு என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். புதிய கதைகள் நின்றுபோன காலத்தில் பழைய கதைகளைக் கொண்டு நிறுவனங்கள் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அந்தப் பழைய கதைகளும் போராடுகிறவர்கள் எழுதியவைதாம்.

இப்படியிருந்தும், 2023-ல் எழுத்தாளர் சங்கமோ நடிகர் சங்கமோ, 'சந்தாவை ரத்து செய்யுங்கள், எதையும் பார்க்காதீர்கள்' என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வேலைநிறுத்தத்தின் பயனாகக் கிடைத்த உடன்படிக்கையைப் பார்த்தால், ரசிகனின் பார்வை எழுத்தாளனுக்கு எவ்வளவு வேண்டியது என்பது தெளிவாகிறது. இணையத்துக்கென்றே எடுக்கப்பட்ட பெரிய முதலீட்டுப் படமோ தொடரோ வெளிவந்த முதல் 90 நாளுக்குள், அந்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமானவர்களால் பார்க்கப்பட்டுவிட்டால், எழுத்தாளருக்கு வழக்கமான பங்கோடு ஒரு போனஸும் சேர்த்துத் தர வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 2007-ல் ரசிகன் இணையத்தில் பார்த்தது எழுத்தாளனைப் பட்டினி போட்ட காரியம். அந்த விதி அமலுக்கு வந்த 2024 முதல் அதே ரசிகன் பார்க்காமல் இருப்பது எழுத்தாளனுடைய போனஸைப் பறிக்கவும் கூடும். ஒரே செயல், காலத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் ஏற்ப, ஒருமுறை அதர்மமாகவும் மற்றொரு முறை உபகாரமாகவும் ஆகிறது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் போதனை ஒன்று உண்டு. மாடியில் ஆன்டெனா நட்டுத் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில், நம் வீட்டில் பெட்டி ஓடியதா அணைந்திருந்ததா என்பது எவருடைய பேரேட்டிலும் ஏறவில்லை. இணையத்திலோ நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகிறது, எண்ணப்படுகிறது, விளம்பரக்காரரிடம் விலை பேசப்படுகிறது. பணப்பையைத் திறக்காமலே நாம் ஒரு கிரயத்தைச் செலுத்திக்கொண்டிருக்கிறோம். செலுத்துகிறவனுக்கு, அந்தக் கிரயம் யாரைப் போய்ச் சேர்கிறது என்று விசாரிக்கும் கடமை உண்டு. போராட்ட காலத்தில், அதை எப்படிச் செலுத்துவது என்பதில் உழைத்தவனுடைய சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும். அவன் 'பார்க்காதே' என்றால் பார்க்காமல் இருப்பதும், அவன் அவ்வாறு கேளாதபோது நாமாகவே ஒரு விரதத்தை மேற்கொண்டு அவனுக்கு உதவிவிட்டதாகத் திருப்தி அடையாமல் இருப்பதும், இரண்டுமே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். தமிழ்த் திரையுலகில் வேலைநிறுத்தங்களுக்குக் குறைவில்லை. 1997-ல் பெப்சி என்னும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தாருக்கும் இயக்குநர்கள் முதலான படைப்பாளிகளுக்கும் மூண்ட பிணக்கும், 2017 ஆகஸ்டில் பெப்சி தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் படப்பிடிப்புகளை முடக்கின. 2018 மார்ச் 1 முதல், க்யூப் முதலிய டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்களின் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தியது. ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழ்ப் படங்கள் வெளிவரவில்லை. ஆனால் இவற்றுள் எதுவும் எழுத்தாளனுடைய பங்குக்காக நடந்ததன்று. ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்று தனியாக ஓர் இலாகா இருந்த நாளும், 'அம்பிகாபதி'க்கும் 'கண்ணகி'க்கும் வசனம் எழுதிய இளங்கோவனுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குச் சென்ற நாளும் உண்டு. இன்று வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடர்களுக்கு, படப்பிடிப்பு வீட்டில் நடிகர்கள் காத்திருக்க, அன்றைக்கு வேண்டிய சீன் பேப்பரை அன்றைக்கே எழுதிக் கொடுக்கும் வசனகர்த்தாவின் பெயர், டைட்டிலில் ஒரு நொடி தோன்றி மறைகிறது. எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிய தொகையோடு பெரும்பாலும் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. 2020-ல் நோய்த்தொற்றினால் படப்பிடிப்புகள் நின்றபோது, தூர்தர்ஷனில் 'ராமாயண'மும் தனியார் சானல்களில் பழைய தொடர்களும் மறுபடி ஒளிபரப்பாகிக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஆறுதல் தந்தன. அவற்றை எழுதியவர்களின் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று அப்போது கேட்டவர் மிகச் சிலரே.

சட்டம் நம் பக்கம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. திரைப்படத்துக்காக ஊதியம் பெற்று இயற்றிய பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்கை விசாரித்த நீதிபதி கிருஷ்ணய்யர், கலைஞர்களுக்கு நியாயம் கிடைக்கப் பாராளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்ற கருத்தைத் தனியே எழுதிச் சேர்த்தார். அது நிறைவேற 35 ஆண்டுகள் ஆயின. ராஜ்யசபையில் கவிஞர் ஜாவேத் அக்தர் உணர்ச்சியோடு வாதாடிய பின், 2012 ஜூன் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த காப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்படத்தில் இடம்பெறும் இலக்கியப் படைப்பையும் இசையையும் இயற்றியவர், கொட்டகையில் காட்டுவது நீங்கலாக மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை, தம் வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று விதித்தது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் அந்தப் பங்கை வசூலித்துப் பிரித்துத் தர 1969-ல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. கதை வசனம் எழுதுகிறவர்களுக்கு அதற்கு ஈடான பலமுள்ள ஓர் ஏற்பாடு இன்னும் வேரூன்றவில்லை. ஏட்டில் உள்ள உரிமை கைக்கு வர வேண்டுமானால், எழுத்தாளர்களின் ஒற்றுமையும் ரசிகர்களின் ஆதரவும் சேர்ந்தே ஆக வேண்டும்.

நிறுவனம் எழுத்தாளனை வஞ்சிக்கிறது என்ற காரணத்தால், நிறுவனத்துக்குக் காசு கொடுக்காமல் திருட்டுத் தளங்களில் பார்ப்பதே நியாயம் என்று வாதிப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2004-லேயே திருட்டு வீடியோக்காரர்கள் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள். ஆயினும் அந்தத் தொழில் இணையத்தில் செழித்தே வளர்ந்திருக்கிறது. நிறுவனத்திடம் பணம் இருக்கும் வரையில் எழுத்தாளன் தன் பங்கைக் கேட்டுப் போராட இடம் உண்டு. திருடனிடம் போய்விட்ட பணத்தில் அவன் பங்கு கேட்க எந்த நீதிமன்றத்திலும் வழியில்லை. திருட்டுத் தளத்தில் பார்க்கிறவன் நிறுவனத்தோடு சேர்த்து எழுத்தாளனையும் தண்டிக்கிறான்; அதிலும் எழுத்தாளனுக்கு விழும் அடியே கடுமையானது, ஏனெனில் தாங்கும் சக்தி அவனுக்குத்தான் குறைவு.

ஆகவே, வேலைநிறுத்த காலத்தில் இணையத்தில் பார்க்கலாமா என்ற கேள்விக்கு, எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பார்வையின் பணம் எங்கே போகிறது என்பதையும், போராடுகிறவர்கள் நம்மிடம் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் அறிந்து நடப்பதே தர்மம். ஆனால் அதைவிடப் பெரிய கடமை, போராட்டம் எதுவும் நடக்காத சாதாரண நாட்களுக்கு உரியது. நாம் விரும்பும் தொடரை எழுதுகிறவர் யார் என்று பெயரைத் தெரிந்துகொள்வதும், நேர்மையான வழியிலேயே பார்ப்பதும், நடிகருக்கும் இயக்குநருக்கும் கடிதம் எழுதும் அன்பில் ஒரு பகுதியை எழுத்தாளருக்கும் அளிப்பதும், சட்டம் தந்த பங்கு அவர்களுக்கு உண்மையில் சேர்கிறதா என்று நம் பிரதிநிதிகளிடமும் பத்திரிகைகளிலும் கேட்பதும் எவருக்கும் அசாத்தியமான காரியங்கள் அல்ல. ரசிகர்கள் இவற்றை நாள்தோறும் செய்து வந்தால், எழுத்தாளன் தன் நியாயத்துக்காகப் பேனாவைக் கீழே வைக்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறையும். அப்படியே ஒரு நாள் வைக்க நேர்ந்தாலும், அவன் பக்கத்தில் வந்து நிற்க நமக்கு உரிமை இருக்கும்.