முதற் கடவுச்சீட்டு: கிராமத்தார் அறிய வேண்டுவன

நமது கடலூர் மாவட்டத்திற்குக் கடல் கடந்த தொடர்பு புதிதன்று. பரங்கிப்பேட்டையும் கடலூர் முதுநகரும் கப்பல் வாணிகத்தால் பெயர் பெற்ற ஊர்கள். இன்று சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளிலிருந்து இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் தொழில் நாடிச் செல்கின்றனர். மழை பொய்த்த ஆண்டிலும் வெள்ளம் வந்த ஆண்டிலும் அவர்கள் அனுப்பும் பணமே பல குடும்பங்களைத் தாங்குகிறது. இப்பயணத்திற்கு முதற்படி, பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டு. அதனை 'வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் நெல் விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போரும் உளர். அச்செலவு தேவையற்றது. பெயரும் பிறந்த தேதியும் சான்றுகளில் ஒன்றுபட்டிருப்பின், எவருடைய துணையுமின்றி இதனைப் பெறலாம்.

குடிமக்களின் உரிமை

முற்காலத்தில் கடவுச்சீட்டு அரசினரின் விருப்பத்தைப் பொறுத்தே வழங்கப்பட்டது. 1967-ஆம் ஆண்டு சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், அயல்நாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உரிமைகளுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாராளுமன்றம் கடவுச்சீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஆகவே, தக்க சான்றுகளுடன் செல்பவர் எவருடைய சிபாரிசையும் நாட வேண்டுவதில்லை.

விண்ணப்பிக்கும் முறை

வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் முதலில் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதுபோன்ற தோற்றமுடைய போலித் தளங்களும் உண்டாதலால் எச்சரிக்கை தேவை. கணினிப் பழக்கமில்லாதோர் அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தில் சிறு கட்டணம் செலுத்தி உதவி பெறலாம். 36 பக்கங்கள் கொண்ட சாதாரணக் கடவுச்சீட்டிற்குப் பெரியவர்க்குக் கட்டணம் ரூ.1,500, பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு ரூ.1,000. எட்டு வயதிற்குட்பட்டோர்க்கும் அறுபது வயது கடந்தோர்க்கும் நூற்றுக்குப் பத்து வீதம் தள்ளுபடி உண்டு. கட்டணம் செலுத்தியபின், நேரில் வரவேண்டிய நாளையும் நேரத்தையும் விண்ணப்பதாரரே தேர்ந்து கொள்ளலாம்.

தலைமை அஞ்சலகங்களில் கடவுச்சீட்டு மையம் அமைக்கும் திட்டம் 2017 ஜனவரியில் தொடங்கிற்று. கடலூரிலும் அத்தகைய மையம் உள்ளது. சிதம்பரம் வட்டத்தார் பேருந்திலோ இரயிலிலோ சென்று அன்றே வீடு திரும்பலாம். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே மூலச் சான்றுகளுடனும் அவற்றின் நகல்களுடனும் சென்றுவிடுதல் நன்று. அங்கே சான்றுகள் சரிபார்க்கப்பட்டு, கைவிரல் ரேகையும் புகைப்படமும் பதிவு செய்யப்படும். பின்னர் உள்ளூர்க் காவல் நிலையத்தார் முகவரியையும் நடத்தையையும் விசாரிப்பர். அவ்விசாரணைக்குக் கட்டணம் ஏதும் இல்லை. எல்லாம் ஒழுங்காயிருப்பின் கடவுச்சீட்டு விரைவு அஞ்சலில் வீடு வந்து சேரும். பெரியவர்க்கு அது பத்தாண்டு செல்லும்.

பெயரில் வேண்டும் கவனம்

நம்மவர் பெரிதும் இடர்ப்படுவது பெயரினாலேயாகும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இடுவது நமது வழக்கம். கடவுச்சீட்டிலோ முதலெழுத்துகள் ஏற்கப்படா. அவற்றை விரித்து எழுதல் வேண்டும். செல்லமுத்துவின் மகன் செ. முருகன் என்பவர், பெயர் என்ற இடத்தில் முருகன் என்றும், குடும்பப் பெயர் என்ற இடத்தில் செல்லமுத்து என்றும் எழுதலாம். குடும்பப் பெயரை எழுதாது விடவும் இடமுண்டு. ஆயினும் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயருடைய கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோர்க்கு அனுமதியில்லை என அறிவித்தன. அவ்விதி பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்டதெனினும், இரு பெயர்களும் இருப்பதே நலம்.

பெண்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும், ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்தும் இருப்பதுண்டு. பள்ளியிற் சேர்க்கும்பொருட்டு வயதைக் கூட்டிச் சொன்னமையால், பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருப்பதும் உண்டு. இவற்றை விண்ணப்பிக்கு முன்னரே திருத்திக் கொள்ளல் வேண்டும். பொய்யான விவரம் தந்து கடவுச்சீட்டுப் பெறுவது, ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். தரகர் எழுதிய பொய்க்கும் கையொப்பமிட்டவரே பொறுப்பாவார்.

பத்தாம் வகுப்புத் தேறியவர் அச்சான்றிதழைத் தவறாமல் கொண்டு செல்க. அது இல்லையெனில், குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்புடன் கடவுச்சீட்டு வழங்கப்படலாம். அக்குறிப்புடையவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி தனி அனுமதி பெற நேரும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்கு, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்றாகும். அதற்கு முன் பிறந்தோர்க்குப் பள்ளிச் சான்றிதழ், வருமான வரி நிரந்தரக் கணக்கு அட்டை, ஓட்டுநர் உரிமம் முதலியனவும் ஏற்கப்படும். ஆகவே இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தையின் எதிர்காலப் பயணம், பிறப்புப் பதிவேட்டின் ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். கிராமங்களில் நிகழும் பிறப்புகளுக்குக் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். ஓராண்டு கடந்துவிடின், உட்கோட்ட நடுவர் போன்ற அதிகாரியின் ஆணை பெற்றே பதிய இயலும். பிறப்பைப் பதிந்துவிட்டுக் குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் விடும் பெற்றோரும் பலர். பெயரில்லாத சான்றிதழால் பயன் சிறிதே.

ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் கிராம சபைக் கூட்டங்களில் இவற்றை எடுத்துக் கூறலாம். எந்த வீட்டில் குழந்தையின் பெயர் இன்னும் பதியப்படவில்லை, எவருடைய சான்றுகளில் தேதி மாறுபடுகிறது என்பதை ஊரார் நன்கு அறிவர். வேலைக்கு அழைப்பு வந்த பின் திருத்தத்திற்கு அலைவதைவிட, இப்பொழுதே திருத்திக் கொள்வது எளிது. விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்தும் விவசாயிக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.